பங்குனிக்கு வைத்திருந்த முடி

என் மகளின் தலையில் அதுவரை கத்தரிக்கோல் பட்டதில்லை. முதல் முடி கணவர் வீட்டுக் குலதெய்வத்துக்கு உரியது. திருநெல்வேலிக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் சாஸ்தா கோயிலில், பங்குனி உத்திரத்தன்று, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். அவளுக்கு ஒரு வயதான வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு என்று தள்ளிப்போனது. இரண்டாம் வயதில் எடுக்கும் வழக்கம் இல்லை. மூன்றாம் வயதில் எடுப்பதென்று முடிவாகி, என் மாமியார், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போனில் சொல்லிவிட்டார். ரயில் டிக்கெட்டும் போட்டாயிற்று. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி அதற்காகவே லீவு கேட்டு வாங்கியிருந்தான்.

ஆகவே முடி வளர்ந்தது. தோளைத் தாண்டிச் சுருள் சுருளாக. முன்முடி கண்ணில் விழுகிறதே, கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நாற்பது வருஷம் ராயபுரத்தில் வாழ்ந்தும் கோபம் வந்தால் திருநெல்வேலிக்கே போய்விடுவார் என் மாமியார்.

“ஏட்டி, அது உன் முடியா என் முடியா? சாஸ்தா முடி. கண்ணுல விழுந்தா கிளிப்பு குத்து.”

அதற்குப்பிறகு ஷாம்பு போடும்போதுகூட இதற்கு அனுமதி உண்டா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

மாசி மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கல்யாணத்துக்கு ஒருமுறை, பிரசவம் முடிந்து குழந்தையைக் கொண்டுவந்துவிட ஒருமுறை வந்திருந்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் பார்த்தது திருவொற்றியூரில் எங்கள் வீட்டு நான்கு சுவர்களைத்தான். இந்த முறை ஊரைச் சுற்றிக்காட்டுவது என்று நானே முடிவு செய்தேன். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஐப்பசி மழையில் மகளுக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாவுக்கு அப்போது முழங்கால் ஆபரேஷன் முடிந்த நேரம், வர முடியவில்லை. அன்றிலிருந்து போனில் ஒரே பேச்சு. “அந்தப் பக்கம் காத்தே சரியில்லையாமே, டிவியில காட்டுனான். பிள்ளையை இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போ.” நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கணவருக்குக் காசிமேட்டுப் பக்கம் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை, விட்டுவர முடியாது. கார் இருந்தது. மூன்று நாள். நான் ஓட்டுவேன்.

“நீயா?” என்றார் அப்பா. அதுதான் அந்தப் பயணத்தின் முதல் அதிர்ச்சி. அது அவருடையது.

முதல் நாள் காசிமேடு. நான் போட்டுவைத்திருந்த கணக்கெல்லாம் இறங்கிய நிமிஷமே தப்பிவிட்டது. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல், கால் வைத்த இடமெல்லாம் மீன் தண்ணீர். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுருக்கினாள். அன்னக்கூடையுடன் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

“இன்னா ஆயா, மூஞ்சிய இப்டி வெச்சுகினு கீறே? வஞ்சிரத்த பாரு, கண்ணு தொறந்துகினு உன்னியே பாக்குது.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஆயாவா? எனக்கு அப்படி என்ன வயசாயிருச்சுங்கிறா?”

“மருவாதியா தான் கூப்புட்றேன் ஆயா. பேஜாரு பண்ணாத, வாங்கு.”

அம்மா வாங்கிவிட்டாள், பேரம் பேசாமல். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

மீனோடு ராயபுரத்தில் மாமனார் வீட்டுக்குப் போனோம். கீழே மாமனாரின் கடை, மேலே வீடு. அத்தை குழம்பு வைத்து, அம்மாவுக்கு இலையில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டார். சாப்பிட்டபின் என் மகளை மடியில் இழுத்து, எண்ணெய் தொட்டு, இரண்டு பின்னல் போட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, முடியைப் பாத்தீகளா? எங்க வீட்டு ஆம்பளைக ஒருத்தனுக்கும் இப்படிக் கெடையாது. பங்குனிக்குக் கொடுக்கணுமேன்னு எனக்கே மனசு வலிக்கி.” என்னிடம் திரும்பினார். “வண்டியில ஜன்னலத் தொறக்காத. கன்டெய்னர் லாரித் தூசியெல்லாம் தலையிலதான் படியும்.”

“சரி அத்தை” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் மகளின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்து, மெதுவாகக் கீழே விட்டாள். அந்த மௌனத்துக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மதினிக்கு முன்னால் கூச்சம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை எண்ணூர் சாலையில் வடக்கே கிளம்பினோம். அன்று இரவு பொன்னேரியில் ஒரு லாட்ஜ், நடுவில் பழவேற்காடு ஏரி, படகு, பறவைகள். இதுதான் திட்டம். சாலையின் ஒரு ஓரம் முழுவதும் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகக் காத்து நின்றன. நகரும் லாரிகளுக்கு இடையில் நான் வண்டியை நுழைத்தபோதெல்லாம், பக்கத்தில் இருந்த அப்பா இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினார். வலது கைப்பக்கம் கடல். ஆனால் கரையெங்கும் கொட்டிய பாறாங்கல்தான் தெரிந்தது.

“மணல் எங்க தாயி?” என்றார் அப்பா.

“கடல் எடுத்துட்டுப் போயிருச்சுப்பா. அதான் கல்லு.”

“ஊரையும் எடுத்துருமா?” என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டாள். இந்த ஊருக்கு வந்து வாழ்ந்த ஐந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஆனால் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் கண்ணில் பட்டதும் அப்பா குழந்தையாகிவிட்டார். மின்சார ஆபீசில் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். “இங்கருந்துதான் வருது, இங்கருந்துதான் வருது” என்று பேத்திக்குக் காட்டினார். அவள் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் டாட்டா சொன்னாள். அம்மா சாம்பல் படிந்த முள்செடிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் மூடித்தான் இருந்தது. நான் பையிலிருந்த இன்ஹேலரை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வள்ளூரைத் தாண்டுவதற்கு முன் மேளச்சத்தம் கேட்டது. சாலையோரம் ஒரு சின்ன அம்மன் கோயில், வேப்பிலைத் தோரணம், ஸ்பீக்கர், கூழ் அண்டா. மாசித் திருவிழா. நிறுத்து நிறுத்து என்றாள் அம்மா. கும்பிட்டுவிட்டுப் போகலாம், இதிலென்ன என்று நிறுத்தினேன். இடம் இல்லாததால் பாதி வண்டி சாலையில் நின்றது. நாலு பேரும் இறங்கினோம். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, பின்னால் ஒரு டிரெய்லர் லாரி ஹார்ன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“யக்கா, வண்டிய எடுக்கா! பின்னால லைன் கட்டிகினு நிக்குது, சாமி அப்பால கும்புட்லாம்!”

மகள் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இருங்கப்பா, திருப்பிட்டு வந்துடறேன்” என்று வண்டியை எடுத்தேன். திருப்ப இடமே இல்லை. முன்னே போகப் போக இரண்டு பக்கமும் பள்ளம். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது, அங்கே போய்த் திருப்பினேன். திரும்பி வந்தால் கேட் மூடியிருந்தது. நிலக்கரி வண்டி. ஒரு பெட்டிக்குப் பின் ஒரு பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி, நடந்து போகிறவன் வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் கேட்காரர் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொன்று. கேட் திறந்து, லாரிகளுக்கு நடுவே வண்டி நகரத் தொடங்கியபோது போன் அடித்தது. “அம்மா” என்று காட்டியது. ஓட்டிக்கொண்டே போன் பேச எனக்கு வராது. எப்படியும் போய்ச் சேரப்போகிறேனே என்று எடுக்கவில்லை.

கோயிலுக்கு எதிரே ஒரு வழியாக இடம் கிடைத்து இறங்கினேன். கூட்டத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் தோளில் யாரோ ஒரு குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கையில் பலூன் வைத்திருந்தது. யார் குழந்தையையோ வாங்கி வைத்துக்கொண்டு, என் மகளை எங்கே விட்டார்? ஓடினேன். அப்பாவைத் தாண்டி, கூழ் அண்டாவின் பக்கம், செருப்புக் குவியலின் பக்கம், இரண்டு பின்னலைத் தேடினேன்.

“அம்மா!” என்று அந்த மொட்டைக் குழந்தை கூப்பிட்டது.

திரும்பிப் பார்த்தேன். மகளின் மஞ்சள் கவுன். மகளின் கொலுசு. அந்தக் குரலையும் அந்த முகத்தையும் சேர்த்துவைக்க எனக்கு நேரம் பிடித்தது. காதுகள் இவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியாது. பின்னந்தலையில் ஒரு மச்சம் இருந்தது. மூன்று வருஷம் வளர்த்தவள், நான் அதைப் பார்த்ததே இல்லை.

பூ விற்ற அம்மாள் என் முழங்கையைப் பிடித்தார்.

“இன்னாம்மா, ஏன் இப்டி நிக்கிறே? கொயந்த அயவே இல்ல, ராஜாத்தி மாதிரி குந்திகினா. ஆத்தாளுக்குத் தானே குட்த்தாங்க? நல்லது தான்.”

“அப்பா” என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “கேட்டுட்டுச் செய்யலாம்னு சொன்னேன் தாயி. போன் போட்டோம், நீ எடுக்கல.”

அம்மா முன்னால் வந்து நின்றாள். அவள் நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது. பதற்றமே இல்லை. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது.

“ஐப்பசியில பிள்ளைக்கு மூச்சு இழுக்குதுன்னு நீ போன்ல அழுதேல்ல? எனக்குக் கால ஊன முடியாது. படுத்த வாக்குல வேண்டிக்கிட்டேன். ஆத்தா, நீ எந்த அம்மனோ எனக்குத் தெரியாது, அந்த மண்ணுல எந்த அம்மன் இருக்கியோ நீ பாத்துக்க, நான் வந்து முதல்ல எந்த வாசல்ல நிக்கிறேனோ அங்க பிள்ளை முடியைக் கொடுத்துடறேன்னு. இன்னிக்கு வந்து நிக்கிறேன், நாவிதர் கத்தியத் தீட்டிட்டு உக்காந்திருக்காரு. ஒரு பிள்ளைக்கு முடிச்சு எந்திரிக்கிறாங்க, பலகை காலியா இருக்கு. அவ கூப்பிட்டுட்டா. இதுக்கு மேல நான் என்ன செய்ய?”

“சாஸ்தாவுக்கு வச்ச முடிம்மா. நேத்துத்தானே அத்தை உன்கிட்டச் சொன்னாங்க.”

“சொன்னாங்க. அதான் நான் வாயத் தொறக்கல. சொன்னா நீ விட்டுருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். ஆனால் போனை எடுத்திருந்தால்? “பண்ணாதே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னோடு வண்டி ஓட்டியது.

பழவேற்காட்டுக்குப் போனோம். படகில் ஏறினோம். தூரத்தில் பூநாரைகள் நின்றதாக அப்பா சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது மகள்தான். அவள் என் கைப்பையைத் திறந்து வண்ணத்துப்பூச்சிக் கிளிப்பை எடுத்து, தலையில் வைத்து அழுத்தினாள். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள். நாலாவது தடவை என்னிடம் நீட்டினாள், நீ குத்து என்று. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பொன்னேரி லாட்ஜில் போய் இறங்கியதும் கணவருக்குப் போன் செய்தேன். அவர் பக்கம் கயிறு எடை போடும் சத்தத்துக்கு நடுவில் சொல்லி முடித்தேன்.

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

“பூமுடி மாதிரி நாலு கொத்து எடுத்திருந்தாகூட…”

“மொட்டைங்க.”

“நம்ம அம்மாகிட்ட நீயே சொல்லிடு” என்றார். “நான் சொன்னா நல்லா இருக்காது.”

யார் சொன்னால் நல்லா இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அத்தை கோபக்காரர்தான். ஆனால் நான் பயந்தது கோபத்துக்கு அல்ல. அவர் ஒருவரோடு பேச்சை நிறுத்திவிட்டால் நிறுத்தினதுதான். தன் சொந்த நாத்தனார் வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் என் அம்மாவும் சேர்ந்துவிட்டால், அப்புறம் அவர்கள் எந்த முகத்தோடு என் வீட்டுக்கு வருவார்கள்? நான் யார் பக்கம் நிற்பேன்? அன்று இரவு மகளின் மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டே படுத்திருந்தேன். வெல்வெட் மாதிரி இருந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் யோசனைகள் ஆரம்பித்தன. மணலிப் பக்கம் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். மூடிய கண்ணாடிக்குள்ளும் அந்த முட்டை அழுகிய வாடை வந்தது.

“பங்குனி வரைக்கும் தொப்பி போட்டே வச்சிருந்தா?” என்றார் அப்பா.

“குளிக்கும்போதுமாப்பா?”

“அப்ப பேனுன்னு சொல்லிரலாம். தலை முழுக்கப் பேன், வேற வழியில்ல, எடுத்துட்டோம்னு.”

“என் பேத்திக்குப் பேனா?” அம்மா கொதித்துவிட்டாள். “சாமிக்குக் கொடுத்த முடியை பேனுக்குக் கொடுத்ததாச் சொல்லுவீகளா? வாயில புண்ணு வரும்.”

“நீ செஞ்சதுக்குத்தான் நான் வழி தேடிக்கிட்டு இருக்கேன்.”

“எனக்கு வழி வேண்டாம். நான் மறைக்கல. நேரா அங்க போ, நான் சொல்லிக்கிறேன்” என்றாள் அம்மா என் முதுகைப் பார்த்து.

இரண்டு கடைகளில் நிறுத்தித் தொப்பி வாங்கினேன். கடைசியில் போட்டது ரோஜா நிறத்தில், முயல் காது வைத்தது. அந்த வெயிலில்.

ராயபுரம் வீட்டுப் படியில் நாங்கள் ஏறும் சத்தம் கேட்டு அத்தை மேல்படியில் வந்து நின்றார். கையில் தேங்காய்ப்பால் பிழிந்த ஈரம். “வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி. பறவையெல்லாம் பாத்தீகளா?” என்று ஆரம்பித்தவர், “இந்த வெக்கையில பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கன்றாவி?” என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் மகளே முயல் காதைப் பிடித்து இழுத்தாள்.

“ஆச்சி! மொட்டை!” என்று தலையில் பட்டென்று அடித்துக் காட்டினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை சுவரில் கை வைத்தார். கீழே கடையில் மாமனார் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. அத்தை சத்தம் போடவில்லை. ஒரு படி இறங்கி, குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்காவது கத்தி பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

“யாரு எடுத்தா?”

“அது வந்து, வெயிலு…” என்றார் அப்பா.

“நான்தான் அத்தை” என்றேன். “நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் துணிச்சலாகப் பொய் சொல்கிறவள் அல்ல.

“ஏடி, ஏன் பொய் சொல்ற?” அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியையும் ஏறினாள். “மதினி, இவ அங்க இல்லவே இல்ல. ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டு நின்னா. நான்தான் எடுத்தேன். நேர்ந்திருந்தேன், கொடுத்துட்டேன்.”

அத்தை மிகச் சின்னக் குரலில் சொன்னார். “பங்குனிக்கு வச்சிருந்த முடி மதினி அது.”

“தெரியும்.”

“கேட்டிருந்தா பூமுடி கொடுங்கன்னு சொல்லியிருப்பேன். நாலு கொத்து. எந்த அம்மன் வேண்டாம்னு சொல்லப் போறா?”

“நேர்ந்தது முழு முடி. பிள்ளை உசுரு வேணுங்கிறப்ப வாயால முழுசாச் சொல்லிட்டு, வந்து நின்னுக்கிட்டு நாலு கொத்து தர்றேன்னு சொல்ல முடியுமா?”

“நீங்க அங்க படுத்துக்கிட்டு நேர்ந்தீக.” அத்தையின் குரல் ஏறியது. “நான் இங்க ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து நேர்ந்தேன். அய்யா, பங்குனிக்கு ஒரு மயிரு குறையாமக் கொண்டு வாரேன், பிள்ளைய விட்டுருன்னு. அதே நாளு மதினி. அதே முடி.”

எனக்கு இது புதிது. கணவருக்கும் தெரிந்திருக்காது. ஒரே குழந்தையின் ஒரே தலையை, ஒரே நாளில், இரண்டு பேர் இரண்டு தெய்வத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா மெதுவாகப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப யாரு காப்பாத்துனா?” என்றாள் அம்மா. அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டாள். ஆனால் அத்தைக்கு அது பற்றிக்கொண்டது.

“யாரு காப்பாத்துனாவா? எங்க குலசாமி காப்பாத்தாம, ரோட்டோரத்துல பேரு தெரியாத…”

“அம்மனப் பத்திப் பேசாதீக மதினி.”

“நீங்க எங்க சாஸ்தாவுக்கு வச்சத எடுத்துட்டு…”

“நான்தான் மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்!”

கத்தியது நான். மகள் பயந்து அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

“நீ ஊர்ல படுத்திருந்த, அத்தை வாசல்ல உக்காந்திருந்தாங்க. உள்ள அவ மூக்குல அந்த மாஸ்க்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான். அவ பிச்சுப் பிச்சு எறியிறா. மருந்து ஏறுதா, ஏறுதான்னு அந்தப் புகையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் யாருக்கும் நேரலை. எனக்குச் சாமி நினைப்பே வரலை. ஒரு சாமியும் வரலை.”

கீழே கடையில் பேச்சு நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஐயோ, என்ன வார்த்தை சொல்ற” என்றாள் அம்மா.

“ஏட்டி, வாயக் கழுவு மொதல்ல” என்றார் அத்தை.

“ஒருத்தரையுமா நினைக்கல?”

“பிள்ளையப் பெத்தவ நினைக்கலன்னா எப்படி மதினி?”

“அதானே. நாம எம்புட்டு நேர்ந்து என்ன பிரயோஜனம்?”

நாம் என்றாள் அம்மா. அத்தை அதற்குத் தலையாட்டினார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்ற கையால் அம்மாவின் முழங்கையைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். நான் படியிலேயே நின்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, “தண்ணி குடி தாயி” என்றார், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாவிட்டாலும்.

உள்ளே கல்லில் சந்தனம் இழைக்கும் சத்தம். குழந்தையின் தலையில் பூசிக்கொண்டே அத்தை பேசினார். கோபம் போய்விடவில்லை. குரலில் இன்னும் இருந்தது, ஆனால் அதற்கு வேறு இடம் கிடைத்துவிட்டது.

“பங்குனிக்குள்ள ஒரு விரக்கடை வளரும். வளர்ந்தத எடுப்போம். ஆனா அது காணாது மதினி. அய்யாகிட்டச் சொன்ன சொல்லு ஒன்னு இருக்கு.”

“காணாதுதான்.”

“நீங்களும் அண்ணாச்சியும் கோயிலுக்கு வாங்க. வந்து சன்னதியில நின்னு நீங்களே சொல்லுங்க, இன்ன மாதிரி ஆயிருச்சுன்னு. நான் சொல்ல மாட்டேன்.”

“வாரேன். சொல்றேன். எனக்கென்ன பயம்?”

“அப்புறம் ஒன்னு.” அத்தை சந்தனக் கையோடு வாசல் பக்கம் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்தது என் முகத்தை அல்ல என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. என் கை தானாகவே என் பின்னலுக்குப் போனது.

“மக முடிக்கு ஈடா தாய் முடி” என்றார் அத்தை. “எங்க பக்கம் உண்டு.”

“எங்க பக்கமும் உண்டு” என்றாள் அம்மா.

“அவ சொன்ன சொல்லுக்கும் சேர்த்து.”

“ஆமா, அதுக்கும் சேர்த்து.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், மகளை அடுத்த வருஷம் பள்ளியில் சேர்த்ததும் போகலாம் என்று. மொட்டைத் தலையோடு நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறுத்தால் என்ன ஆகும் என்பது அடுத்து. அந்த அறையில் அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக, முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மொட்டை முடியாது” என்றேன். “பூமுடின்னா தர்றேன்.”

“எவ்வளவு?” என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

அத்தை கீழே கூப்பிட்டு, கோவில்பட்டியிலிருந்து இரண்டு டிக்கெட் சேர்த்துப் போடச் சொன்னார். மதினிக்கு முழங்கால், கீழ் பெர்த்தாகப் பார், என்றார். மாமனார் என்ன ஏது என்று கேட்காமல் சரி என்றார். பிறகு என்னை முக்காலியில் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தார்கள். பின்னால் நின்று நான்கு கைகள் என் முடியைப் பிரித்து அளந்தன. ஒரு கையில் சந்தனம் ஈரமாக ஒட்டியது.

“தோளு வரைக்கும் எடுத்தாப் போதும் மதினி” என்றார் அத்தை. “சின்னப் பொண்ணு, நாலு இடத்துக்குப் போவா வருவா.”

“காது வரைக்கும் எடுக்கட்டும்” என்றாள் என் அம்மா. “கடன்னா கடன்தான்.”